பாங்காக்கிலிருந்து சைகோன் வரை தரைவழியே: கடலூர் ஆசிரியர் ஒருவருக்கு எழுதிய பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்கு 63 வயது, மனைவிக்கு 59. ஒரு நிறுவனம் 12 நாளில் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் நான்கையும் பஸ்ஸிலும் வேனிலுமே சுற்றிக் காட்டுவதாகச் சொல்கிறது. பழைய சிவன், விஷ்ணு கோயில்களைப் பார்ப்பதுதான் எங்கள் ஆசை. நாங்கள் சுத்த சைவம். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. இந்தக் குழுவோடு போகலாமா? அல்லது விமானத்தில் நேரே கம்போடியாவின் அங்கோர் கோயில்களுக்குப் போய்விட்டுத் திரும்பினால் போதுமா?"

வணக்கம் சார். நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சுப் பயணிகளுக்கு வழிகாட்டியாகப் பல வருஷம் வேலை பார்த்தவன். நீங்கள் சொல்லும் தடத்தில் மூன்று முறை போயிருக்கிறேன். அதில் இரண்டு முறை நம் ஊர் ஆட்களையும் அழைத்துப் போனேன். என் பதில் இதுதான்: போங்கள், தரைவழியாகவே போங்கள், ஆனால் 12 நாளில் வேண்டாம். நான்கு நாடும் மூன்று எல்லையும் 12 நாளில் அடங்காது. பாதிப் பொழுது பஸ்ஸில் தூங்குவீர்கள், மீதிப் பொழுது கோயில் வாசலில் படம் எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள். 17, 18 நாள் ஒதுக்க முடிந்தால் மட்டும் நான்கு நாடு. முடியாவிட்டால் வியட்நாமை விட்டுவிட்டு மூன்று நாட்டை நிதானமாகப் பாருங்கள்.

விமானத்தில் நேரே அங்கோர் போனால் என்ன என்று கேட்டீர்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் அந்தக் கோயில்கள் தனித்தனியாக நின்றவை இல்லை, பெருவழிகளால் கோக்கப்பட்டவை. 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட ஏழாம் ஜெயவர்மன் அந்த வழிகளில் தங்குமனைகளும் மருத்துவமனைகளும் நடத்தினான். 1186ஆம் ஆண்டின் தா ப்ரோம் கல்வெட்டு 102 மருத்துவமனைகளைச் சொல்கிறது. 1191ஆம் ஆண்டின் ப்ரேயா கான் கல்வெட்டு 121 தங்குமனைகளைச் சொல்கிறது. அவற்றில் 17, அங்கோரிலிருந்து இன்றைய தாய்லாந்தின் பிமாய்க்குப் போன ஒரே சாலையில் இருந்தவை. மருத்துவமனைக்கு அவர்கள் வைத்த பெயர் ஆரோக்கியசாலை. திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்து ஆதுலர் சாலையைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருப்பீர்கள், அதே எண்ணம்தான். சாலையில் போனால்தான் ஒரு கோயிலுக்கும் அடுத்த கோயிலுக்கும் நடுவில் இருந்த வாழ்க்கை தெரியும். கம்போடியாவில் வயல் வரப்பில் நிற்பது நம் பனைமரமேதான். அங்கேயும் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுகிறார்கள். பண்ருட்டிப் பக்கம் வளர்ந்த என் நண்பர் ஒருவர் அதைப் பார்த்ததும் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார்.

புறப்படுவதற்கு முன் இங்கேயே இரண்டு இடம் பார்த்துவிடுங்கள் சார். இதை நான் எல்லாரிடமும் கட்டாயமாகச் சொல்வேன்.

முதலாவது உங்கள் மாவட்டத்துச் சிதம்பரம். நூறு முறை போயிருப்பீர்கள். அங்கே 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. காம்போஜ நாட்டு அரசன் முதல் குலோத்துங்க சோழனுக்கு ஓர் அபூர்வமான கல்லைக் காட்டினான் என்றும், சோழனின் ஆணைப்படி அந்தக் கல் சந்நிதிக்கு முன்னுள்ள மண்டபத்தில் பதிக்கப்பட்டது என்றும் அது சொல்கிறது. அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் பட்டத்துக்கு வந்தது 1113இல். இரண்டு வருஷத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கம்போடியாவிலிருந்து வந்த ஒரு கல்லோடு நீங்கள் இத்தனை காலம் ஒரே மாவட்டத்தில் இருந்திருக்கிறீர்கள்.

இரண்டாவது காரைக்கால். அம்மையார் கோயிலுக்குப் போய், எலும்பும் நரம்புமான அந்தப் பேயுருவை மனதில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சரி, பாதைக்கு வருவோம். இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. தாய்லாந்திலிருந்து கம்போடியாவுக்கு நேரே எல்லை தாண்டுவதுதான் பழைய வழக்கம். 2025 ஜூனில் அந்தத் தரை எல்லையை மூடினார்கள். ஜூலையில் சண்டை மூண்டது, டிசம்பரில் மறுபடியும் மூண்டது. உங்கள் நிறுவனத்தின் அட்டவணையில் அந்த எல்லை இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். லாவோஸ் வழியாகச் சுற்றிப் போவதுதான் நல்லது. சொல்லப்போனால் சண்டை இல்லாத காலத்திலும் நான் அந்த வழியைத்தான் தேர்ந்தெடுத்தேன், வாட் பூ கோயிலுக்காக.

சென்னையிலிருந்து பாங்காக் வரை விமானம். பாங்காக்கில் ஒரு நாள் போதும். அரண்மனைக் கூட்டத்தில் நாள் முழுவதையும் கழிக்காமல் தேவஸ்தான் என்ற பிராமணர் கோயிலுக்குப் போங்கள். 1784இல் கட்டியது. எதிரே மாபெரும் ஊஞ்சலின் செந்நிறத் தூண்கள் நிற்கும். ஊஞ்சல் ஆட்டம் 1935க்குப் பிறகு நின்றுவிட்டது. மார்கழியை ஒட்டி நடக்கும் சடங்கு மட்டும் நிற்கவில்லை. அதன் பெயர் த்ரியம்பவாய். திருவெம்பாவைதான் அது. அர்த்தம் மறந்தும் ஓதுவதை விடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து வடகிழக்கே பிமாய். மகாயான பௌத்தக் கோயில், அங்கோர் இருக்கும் திசையைப் பார்த்து நிற்கிறது. அடுத்தது பனோம் ருங், அணைந்துபோன எரிமலையின் உச்சியில் ஒரு சிவாலயம். வருஷத்தில் சில நாள் 15 வாசல்களும் ஒரே நேர்கோட்டில் சூரியனை உள்ளே விடும். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் உதயத்தில், மார்ச், அக்டோபர் முதல் வாரங்களில் அஸ்தமனத்தில். வாசலின் மேல் அனந்தசயனப் பெருமாள் சிற்பம் இருக்கிறது. அது 1960களில் காணாமல் போய், சிகாகோ அருங்காட்சியகத்தில் இருப்பது தெரிந்து, தாய்லாந்து மக்கள் விடாமல் கேட்டு 1988இல் திரும்ப வாங்கினார்கள். சிலைத் திருட்டில் நாம் பட்ட பாட்டை நினைத்தபடி அதன் கீழே நின்றேன். ஒன்று மட்டும்: பனோம் ருங் கம்போடிய எல்லைக்கு அருகில் உள்ளது. பதற்றம் இருக்கும் வாரத்தில் அதை விட்டுவிடுங்கள். எல்லைக்கோட்டிலேயே நிற்கும் தா முவென் போன்ற கோயில்களுக்கும் ப்ரேயா விஹாருக்கும் இப்போதைக்கு ஆசைப்பட வேண்டாம்.

அப்புறம் உபோன் நகரம், சோங் மெக் எல்லை, லாவோஸின் பாக்சே. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சம்பாசக், வாட் பூ.

இந்த ஓர் இடத்துக்கு ஒரு முழு நாள் கேளுங்கள் சார். மீகாங் ஆற்றுக்கு மேற்கே சுமார் 1,400 மீட்டர் உயர மலை. அதன் உச்சியில் இயற்கையாகவே ஒரு பாறை லிங்கம்போல எழுந்து நிற்கிறது. வடமொழிக் கல்வெட்டுகளில் இந்த மலைக்குப் பெயர் லிங்கபர்வதம். திருவண்ணாமலையில் மலையே சிவன் என்று கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அடிவாரத்தில் பெரிய ஏரி, பிறகு நீண்ட நடைபாதை, இரண்டு பக்கமும் மண்டபங்கள், அதற்குமேல் செங்குத்தான படிகள். படியோரம் முழுக்க ஈழத்தலரி மரங்கள். லாவோஸ்காரர்கள் அந்தப் பூவைச் சம்பா என்கிறார்கள், அது அவர்களின் தேசியப் பூ. மேலே கருவறைக்குப் பின்னால் மலைப்பாறையிலிருந்து ஊற்று கசிகிறது. அந்தத் தண்ணீரைக் கல்வாய்க்கால் வழியே கருவறைக்குள் கொண்டுவந்து லிங்கத்தின் மேல் விழும்படி செய்திருந்தார்கள். மலையே தன் தலைக்கு அபிஷேகம் செய்துகொண்டதுபோல. பக்கத்துப் பாறையில் பிரம்மா, விஷ்ணு, சிவன் மூவரையும் செதுக்கியிருக்கிறார்கள். இப்போது நிற்கும் கட்டடம் பெரும்பாலும் 11ஆம் நூற்றாண்டை ஒட்டியது. ஆனால் கீழே சமவெளியில் கிடைத்த 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் தேவானீகன் என்ற அரசன் இந்த ஊர்த் தீர்த்தத்துக்குக் குருக்ஷேத்திரம் என்று பெயர் வைத்ததாகச் சொல்கிறான்.

கருவறையில் இப்போது இருப்பது புத்தர். என்னோடு வந்த ஒருவர், "சிவன் இருந்த இடத்தில் புத்தரை வைத்துவிட்டார்களே" என்று வருத்தப்பட்டார். நான் அவரிடம் திருப்பாதிரிப்புலியூரை நினைவுபடுத்தினேன். அங்கே இருந்த சமணப் பள்ளியில்தான் நாவுக்கரசர் தருமசேனராக வாழ்ந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்தப் பள்ளியை இடித்துத்தான் பல்லவ மன்னன் திருவதிகையில் கோயில் எடுத்தான் என்றும் அதுவே சொல்கிறது. இங்கே யாரும் எதையும் இடிக்கவில்லை. ஊற்று ஓடுகிறது, சனங்கள் பூ வைக்கிறார்கள். அங்கே சூடம் ஏற்றுவதும் உரக்கப் பதிகம் பாடுவதும் வேண்டாம். மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

வாட் பூ திருவிழா சந்திர மாதக் கணக்கில் மூன்றாம் மாதப் பௌர்ணமியில் வரும், பெரும்பாலும் பிப்ரவரியில். மாக பூஜை என்பார்கள், நம் மகம்தான். தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் சாமிகள் கடலுக்கு வரும் மாசி மகமும் அந்தத் திருவிழாவும் ஒரே பௌர்ணமியில் சேரும் ஆண்டுகள் உண்டு. கூட்டம் பொறுக்குமென்றால் அந்த நாளைக் குறிவைத்துப் போங்கள்.

பாக்சேயிலிருந்து தெற்கே மீகாங் கரையோரமாகவே எல்லைக்குப் போகலாம். வழியில் கோன் பாபெங் அருவியைப் பார்த்துவிட்டுக் கம்போடியாவின் ஸ்துங் த்ரெங், பிறகு சியெம் ரீப். நீளமான நாள் அது. எல்லையில் பெட்டியை நாமேதான் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும், அதனால் பெட்டி சின்னதாக இருக்கட்டும்.

சியெம் ரீப்பில் நான்கு இரவு தங்குங்கள். அங்கோர் நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர். மூன்று நாள் சீட்டுதான் வாங்க வேண்டும். அங்கோர் வாட் மேற்கு பார்த்த விஷ்ணு கோயில். அகழியின் அகலம் மட்டும் 190 மீட்டர். சுற்று மண்டபத்தில் பாற்கடல் கடையும் சிற்பம் 49 மீட்டர் நீளம். குருக்ஷேத்திரப் போரும் இலங்கைப் போரும் அதே சுற்றில் வரும். நாம் வலமாகச் சுற்றிப் பழகியவர்கள், இங்கே சிற்ப வரிசை இடமாக ஓடுகிறது. அந்தத் திசையிலேயே நடந்தால்தான் கதை புரியும். மேற்கு வாயிலில் எட்டுக் கைகளோடு நிற்கும் பெருமாளை ஊர்க்காரர்கள் தா ரீச் என்று சொல்லி இன்றும் ஊதுவத்தி வைத்துக் கும்பிடுகிறார்கள். உச்சித் தளத்துக்கு ஏறும் மரப்படி ரொம்பச் செங்குத்து. அம்மா கீழேயே சிற்ப மண்டபத்தில் உட்கார்ந்திருக்கட்டும், இழப்பு ஒன்றும் இல்லை.

பந்தேய் ஸ்ரெய்க்கு வருகிறேன். நகரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம். 967ஆம் ஆண்டு குடமுழுக்கான சிறிய சிவாலயம். அரசன் கட்டியதல்ல, யக்ஞவராகர் என்ற அரச குரு எடுப்பித்தது. செம்மணல் கல்லில் மரத்தில் கடைந்ததுபோல வேலை. உயரம் குறைவு, ஏற வேண்டிய படிகளும் கொஞ்சம்தான், முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிடச் சௌகரியமான கோயில் அந்த ஊரில் இல்லை. காலை திறந்தவுடன் போய்விட வேண்டும், ஒன்பது மணிக்கு மேல் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். கிழக்குக் கோபுர வாசலின் நெற்றிப் பகுதியில் பல கைகளோடு சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் பாருங்கள் சார். வற்றிய மார்பும் ஒட்டிய வயிறுமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள்.

முதல் முறை அங்கே நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. கைலாயத்தைக் காலால் மிதிக்கக்கூடாதென்று தலையால் நடந்து ஏறிய நம் பக்கத்துப் பெண், ஆனி மாதம் மாங்கனி இறைத்து நாம் கொண்டாடும் அந்த அம்மா, கடல் கடந்து ஒரு காட்டுக் கோயிலில் ஆயிரம் வருஷமாக ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் ஆசையாகக் கேட்ட வரமும் அதுதானே. பல வழிகாட்டிகள் இதைக் காட்டாமலே கடந்து போவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது, அது அவர்கள் கதை இல்லை. காரைக்காலை முதலில் பாருங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். நூலகம் என்று அழைக்கப்படும் தென்புறக் கட்டடத்தின் மேல் ராவணன் கைலாயத்தை அசைக்கும் சிற்பம் இருக்கிறது, அதையும் விடாதீர்கள்.

வழிகாட்டி வேண்டுமா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் சென்னையிலிருந்து கூடவே வரும் ஒருவர் மட்டும் போதாது. அவர் சாப்பாட்டையும் எல்லையையும் பார்த்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு நாட்டிலும் அந்த ஊர் உரிமம் பெற்ற வழிகாட்டி வர வேண்டும். அங்கோரைச் சோழர்கள் கட்டினார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பி அங்கே போய் அதைச் சொல்லிவிடாதீர்கள். கட்டியவர்கள் கம்போடியாவின் கெமர் அரசர்கள், கெமர் மக்கள். தெய்வங்களும் வடமொழியும் பல்லவ எழுத்தின் வழிவந்த எழுத்தும் கடல் கடந்து போயின என்பது உண்மை. அதை அவர்கள் எடுத்துத் தங்களுடையதாக ஆக்கி, நாம் கனவிலும் காணாத ஒன்றைக் கட்டினார்கள். அந்தக் கோயில் அவர்கள் கொடியில் இருக்கிறது. 1975 முதல் 1979 வரை போல் பாட்டின் கெமர் ரூஜ் ஆட்சியில் பட்ட கொடுமையில் அவர்களுக்கு மிஞ்சிய பெருமை அது. வழிகாட்டியின் அப்பாவோ தாத்தாவோ அந்த நாலு வருஷத்தில் இறந்துபோயிருக்கலாம், அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவனத்திடம் இன்னும் சில கேள்விகள் கேட்க வேண்டும். எந்தெந்த எல்லை வாசல்? பந்தேய் ஸ்ரெய்க்கு எத்தனை மணிக்குப் போவோம்? அங்கோர் சீட்டு கட்டணத்தில் சேர்ந்ததா? பட்டுக்கடை, ரத்தினக்கடை நிறுத்தங்கள் எத்தனை? கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

சியெம் ரீப்பிலிருந்து புனோம் பென் போகும் சாலையில் கொம்போங் க்தேய் பாலத்தில் இறங்கி நடங்கள். செம்பாறாங்கல்லில் கட்டிய பழைய பாலம், கைப்பிடி முழுக்க நாகம். பாதி வழியில் சம்போர் ப்ரெய் குக். 7ஆம் நூற்றாண்டில் ஈசானவர்மனின் தலைநகரம், ஈசானபுரம். காட்டுக்குள் எண்கோணச் செங்கல் கோயில்கள், மரவேர் பிடித்து நிற்கின்றன. 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கூட்டமே இருக்காது, மத்தியானம் அங்கேயே இளநீர் குடித்துவிட்டு உட்காரலாம்.

பிறகு பவேத் எல்லை தாண்டி சைகோன். இன்று ஹோ சி மின் நகரம், ஆனால் எங்கள் வீட்டில் இன்னும் சைகோன்தான். 1881 அரசாணைப்படி தங்கள் மரபுச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போன புதுச்சேரிக் குடும்பங்களிலிருந்து எத்தனையோ பேர் அங்கே சுங்கத்திலும் வரித்துறையிலும் பட்டாளத்திலும் வேலை பார்த்தார்கள். என் அம்மாவின் தாத்தா அதில் ஒருவர். நாட்டுக்கோட்டை நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும், த்ருவோங் தின் தெருவில் மாரியம்மன் கோயிலும் இருக்கின்றன. மாரியம்மன் கோயிலில் வியட்நாம் பெண்கள் கருங்கல் சுவரில் முகத்தை அழுத்தி வைத்து மெதுவாக வேண்டிக்கொள்வார்கள். என் பாட்டி சமையலறையில் வைத்திருந்த ஒரு பழைய படத்தில் இருந்த அதே கோபுரத்தை அங்கே நிமிர்ந்து பார்த்தேன்.

மத்திய வியட்நாமின் பழைய சிவாலயத் தொகுதியான மீ சோன் போக நாள் இருந்தால் சைகோனிலிருந்து தா நாங்குக்கு இரவு ரயில். அந்தப் பகுதியை ஆண்ட சம்பா நாட்டு அரசர்கள் கும்பிட்ட சிவனான பத்ரேஸ்வரர் அங்கே இருந்தார். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் மிகப் பெரிய கோபுரம் தரைமட்டமானது. மிஞ்சியதில் மூன்று தொகுதிகளை இந்தியத் தொல்லியல் துறை சீரமைத்தது. 2020இல் அந்த வேலையின்போதுதான் 9ஆம் நூற்றாண்டு லிங்கம் ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டது. தா நாங்கின் சாம் அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பாருங்கள். அங்கிருந்தே விமானத்தில் திரும்பலாம்.

சாப்பாடு: தாய்லாந்தில் "ஜே" என்றால் போதும், வெங்காயம் பூண்டுகூட இல்லாத சைவம். வியட்நாமில் "சாய்". அங்கே அமாவாசை, பௌர்ணமியில் பலர் சைவம் சாப்பிடுவதால் கடைகள் நிறைய உண்டு. லாவோஸிலும் கம்போடியாவிலும் கவனம் தேவை. காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள், அவர்களுக்கு அது உப்பு மாதிரி. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், சின்ன மின்சாரக் குக்கர் எடுத்துப் போங்கள். வெறும் சோறு எங்கேயும் கிடைக்கும்.

விசாவில் ஓர் அனுபவம். எங்கள் குழுவில் ஒரு அம்மாவுக்கு வியட்நாம் இ-விசா எடுத்தபோது, விண்ணப்பித்த முகவர் நுழையும் இடம் என்பதில் சைகோன் விமான நிலையத்தைப் போட்டுவிட்டார். தரை எல்லையில் அதை ஏற்கவில்லை. அவரைப் புனோம் பென்னுக்குத் திருப்பி அழைத்துப்போய் விமானம் ஏற்ற வேண்டியதாயிற்று, ஒரு நாளும் பணமும் போனது, அதைவிட அவர் பயந்துபோனார். அதனால் ஒவ்வொரு இ-விசாவிலும் எல்லை வாசலின் பெயரை நீங்களே எழுத்துக்கூட்டிப் படியுங்கள். இ-விசா எல்லா வாசலிலும் செல்லாது. தாய்லாந்து வருகை அட்டையை 2025 மே முதல் இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுவதால் புறப்படும் மாதத்தில் தூதரகத் தளங்களில் சரிபாருங்கள். டாலர் நோட்டு கிழிசல், மடிப்பு இல்லாமல் இருக்கட்டும், கம்போடியாவில் கிழிந்ததை வாங்க மாட்டார்கள்.

காலம்: பிப்ரவரி. அக்டோபர், நவம்பரில் தா நாங் பக்கம் மழையும் வெள்ளமும். ஏப்ரலில் கம்போடியா வெயில் நம் கத்திரியைப்போல. வியட்நாம் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும். அந்த வாரம் ரயிலில் இடம் கிடைக்காது, அதைக் கடந்து போங்கள்.

தேதி முடிவாவதற்கு முன் ஒரு நாள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்கு வாருங்கள். செயின்ட் லூயி தெருவில் அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளைக் காட்டுகிறேன். அதே குடும்பத்து மணிகளைத் தாய்லாந்துக் கரைகளிலும் வியட்நாமின் பழைய துறைமுக ஊரான ஓக் ஏயோவிலும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அட்டவணைத் தாளையும் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து ஒவ்வொரு நாளாகப் பார்த்துவிடலாம்.